அவர் பெயரும் என் ஓட்டும்

1

எங்கள் வீட்டில் மூன்று பேர், ஓட்டு இரண்டு. ஓட்டு உள்ள இரண்டு பேருக்கும் அதைப் பற்றி ஒரு கவலையும் கிடையாது. ஓட்டு இல்லாத நான்தான் ஒரு வாரமாக அதைப் பற்றியே கத்திக்கொண்டிருக்கிறேன்.

பினாங்கில் மாநிலத் தேர்தல். சுங்கை பினாங்கில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக்குக் கீழே ஒரு விளக்குக் கம்பம் பாக்கியில்லாமல் கொடி கட்டியிருக்கிறார்கள். பிரசார லாரி சாயங்காலம் வந்து மலாயில் ஒரு தடவை, ஹொக்கியன் சீனத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை கெஞ்சிவிட்டுப் போகிறது. தமிழில் கெஞ்சும்போது "அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே" என்கிறது. நான் அடுப்படியில் நின்றுகொண்டு, "நான் பெருமகளும் இல்லை, வாக்காளரும் இல்லை, போய்த் தொலை" என்று சொல்லிக்கொள்வேன்.

எங்கள் மகள் தர்ஷினிக்குப் பதினெட்டு வயது முடிந்துவிட்டது. இந்த நாட்டில் பதினெட்டு ஆனால் பெயர் தானாக வாக்காளர் பட்டியலில் ஏறிவிடும். விண்ணப்பம் வேண்டாம், வரிசை வேண்டாம், யாரையும் போய்ப் பார்க்க வேண்டாம். தூங்கி எழுந்தால் ஓட்டு. கைபேசியில் அடையாள அட்டை எண்ணை அடித்தால் எந்தப் பள்ளிக்கூடம், எந்த வரிசை என்பதுவரை காட்டுகிறது. அதை அடித்துப் பார்த்தது நான். அவளிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"சனிக்கிழமையாம்மா? எனக்கு ஃப்ரெண்ட்ஸோட பிளான் இருக்கே."

"பத்து நிமிஷம்டி. போட்டுட்டுப் போ."

"யாரு வந்தாலும் சேம்தான். வெயில்ல எவ நிப்பா? நான் போகல லா."

லா என்பது இந்த ஊர்ப் பேச்சின் வால். சொல்லிவிட்டுக் காதில் அந்த வெள்ளைக் குமிழைச் சொருகிக்கொண்டாள். அவள் அப்பாவைப் பார்த்தேன். அவர் தொலைக்காட்சியில் பந்து விளையாட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சின்னப் புள்ள, விடு லா. அடுத்த தடவ போடுவா."

அடுத்த தடவையாம். எனக்கு முதல் தடவையே இன்னும் வரவில்லை.

2

ஊரிலிருந்து பேசுகிற எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள்: "இருபது வருஷத்துக்கு மேலே அங்கேயே இருக்கே, இன்னுமா அந்த நாட்டுக்காரி ஆகலை?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன். எல்லோரும் ஒரே தடவையாகப் படித்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. இங்கே ஐசி என்பார்கள். குடிமக்களுக்கு நீல ஐசி. சிவப்பு என்றால் நிரந்தரமாக இரு, வேலை செய், வரி கட்டு, ஓட்டை மட்டும் கேட்காதே என்று அர்த்தம். வீட்டில் நீலம் இரண்டு, சிவப்பு ஒன்று. சோறு வடிப்பது சிவப்பு.

சரி, இந்தியாவிலாவது ஓட்டு இருக்கிறதா என்றால், அங்கே நான் ஊரில் குடியில்லாதவள் என்று பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். கும்பகோணத்தில் இருக்கும் என் தம்பிதான் போய்ப் பார்த்துச் சொன்னான். வெளிநாட்டில் இருப்பவர் என்று தனியாகப் பதிந்துகொள்ளலாமாம். ஆனால் ஓட்டுப் போட அதே சாவடிக்கு நேரில் வர வேண்டுமாம். "விமானம் ஏறி வந்து ஒரு பொத்தானை அமுக்கிட்டு அடுத்த விமானத்துல போயேன்க்கா" என்று சிரிக்கிறான். அவன் வீட்டு வாசலுக்கு எதிர்ப் பள்ளிக்கூடம்தான் சாவடி. சிரிக்காமல் என்ன செய்வான்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், நான் வரலாறு எம்.ஏ. பெண்கள் வாக்குரிமைதான் நான் விரும்பிப் படித்த பாடம். சென்னை மாகாண சட்டசபை இந்தியாவிலேயே முதலில் பெண்களுக்கு ஓட்டுக் கொடுத்தது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்றில். கொடுத்தது என்றால் எல்லோருக்குமா? சொத்து இருந்தால்தான். எத்தனை பெண்களுக்குச் சொந்தமாகச் சொத்து இருந்திருக்கும்? அடுத்து வந்த சட்டத்தில் கொஞ்சம் தாராளம்: சொத்து உள்ளவனுடைய மனைவியாக இருந்தாலும் போதும். புருஷன் இருக்கிறவரைக்கும் ஓட்டும் இருக்கும் என்கிற மாதிரி. அரசியல் சாசனம் வந்த பிறகுதான் சொத்து, படிப்பு, புருஷன் என்று எந்த வாலும் இல்லாமல் வயது வந்த ஒவ்வொருத்திக்கும் ஓட்டு என்று ஆனது. மற்ற நாடுகளில் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தெருவில் நின்று வாங்கியதை நம் சாசனம் ஒரே வரியில் எழுதிவிட்டது.

எழுதியது பட்டியலுக்கு வர வேண்டுமே. முதல் பொதுத்தேர்தலுக்குப் பெயர் எழுதப் போனவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி, "உங்க பேரு என்னம்மா?" என்று கேட்டால், "இன்னாருடைய சம்சாரம்", "இன்னாருடைய ஆத்தா" என்று பதில் வந்திருக்கிறது. வேற்று ஆம்பிளையிடம் சொந்தப் பெயரைச் சொல்வது வழக்கமில்லை. பெயர் இல்லாத ஆளுக்குப் பட்டியலில் இடமில்லை என்று தேர்தல் ஆணையம் கறாராகச் சொல்லிவிட, லட்சக்கணக்கான பெண்களின் ஓட்டு அப்படியே போனது. பெரும்பாலும் வடக்கே.

வகுப்பில் இதைப் படித்தபோது நாங்கள் எல்லோரும் மேசையைத் தட்டிச் சிரித்தோம். "வாயைத் தெறந்து ஒரு பேரைச் சொல்ல என்ன கேடு இவளுகளுக்கு?" என்று சத்தமாகக் கேட்டவள் நான்தான்.

3

இனி வருவதைப் படித்துவிட்டு நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் தேன்மொழி. அதை யாரிடமும் எங்கேயும் சொல்வேன். அவர் பெயர்தான் வராது. இந்தக் குறிப்பிலும் "அவர்" என்றுதான் எழுதிக்கொண்டு வருகிறேன், கவனித்திருப்பீர்கள்.

எங்கள் வீட்டில் யாரும் என்னை உட்கார வைத்து, கட்டினவன் பெயரைச் சொல்லாதே என்று பாடம் நடத்தியதில்லை. எங்கள் தெருவில் எவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை, அவ்வளவுதான். "என்னங்க", "இங்க பாருங்க", "தர்ஷினி அப்பா". இவற்றை வைத்தே இத்தனை வருஷம் குடும்பம் நடத்திவிட்டேன். இங்கே பிறந்த தமிழ்ப் பெண்களுக்கு இது பெரிய வேடிக்கை. அவர்கள் புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கோபம் வந்தால் முழுப் பெயரையும் சொல்லி அப்பன் பெயரையும் சேர்த்துக் கூப்பிடுவார்கள்.

இந்த நாடும் எனக்கு வசதியாகப் போய்விட்டது. எங்கே போனாலும் ஐசியை நீட்டினால் போதும். வங்கியில் நீட்டு, மின்சாரக் கட்டணத்துக்கு நீட்டு, மகளைப் பள்ளியில் சேர்க்கும்போது நீட்டு. யாரும் வாயால் சொல் என்று கேட்பதில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் வேலையில் இருந்தபோது அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரி வாசலில் பெயர் கேட்டார்கள். அப்போதும் அவர் ஐசியைத்தான் நீட்டினேன். ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்தார்.

அதற்குப் பிறகு நாக்கு இன்னும் இறுகிவிட்டது. பெயரைச் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்பார்கள் இல்லையா? நான் அதை நம்பவில்லை. எம்.ஏ. படித்தவள் நம்புவேனா? நம்பவில்லை. ஆனால் சோதித்துப் பார்க்கவும் எனக்குத் தைரியமில்லை.

இந்த நிலையில்தான் குடியுரிமைக்கு நேர்முகம் வந்தது. இந்நாட்டு ஆணைக் கட்டிய வெளிநாட்டுப் பெண் குடியுரிமை கேட்கலாம் என்று இங்குள்ள சாசனத்தில் இருக்கிறது. கேட்கலாம் என்றுதான் இருக்கிறது. கேட்டு, காத்து, மறுபடி கேட்டு, மறுபடி காத்து, ஒரு வழியாக வரச் சொல்லி அழைப்பு வந்தது. நான் ஒரு மாதம் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரிப் படித்தேன். நாட்டுப்பண், தேசியக் கோட்பாடு ஐந்தும், பதின்மூன்று மாநிலம், மன்னர் எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகிறார், எல்லாம் மலாயில் தலைகீழாகச் சொல்வேன். நேர்முகத்தன்று காலை அவர் வண்டி நிறுத்த இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் மட்டும் உள்ளே போனேன்.

அதிகாரி சின்னப் பெண். தலையில் ஊதா நிறத் துணி, மரியாதையான பேச்சு. மாநிலங்களைக் கேட்டாள், சொன்னேன். கோட்பாட்டைக் கேட்டாள், சொன்னேன். அவளே சிரித்து, உங்கள் மலாய் நன்றாக இருக்கிறது என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் சாதாரணமாக, மூச்சு வாங்குகிற நேரத்தில் கேட்கிற மாதிரி, "நாமா சுவாமி, புவான்?" என்றாள்.

கணவர் பெயர் என்ன, அம்மா. மலாயில் கணவனுக்குச் சுவாமி என்றே பெயர். இது வேறு.

நான் திருமணச் சான்றிதழை நகர்த்தினேன். அவர் ஐசி நகலையும் நகர்த்தினேன். அவள் இரண்டையும் உள்ளங்கையால் மூடிக்கொண்டு, "இல்லை, நீங்களே சொல்லுங்கள்" என்றாள்.

வாய் திறந்தது, காற்றுதான் வந்தது. தர்ஷினியின் அப்பா என்று மலாயில் சொன்னேன். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்லப் போனது.

"எத்தனை வருஷமாகச் சேர்ந்து வாழ்கிறீர்கள்?"

சொன்னேன்.

"அவர் பெயர் தெரியாதா?"

"தெரியும்."

"பிறகு?"

பிறகுதான். ஒரு மாதம் படித்த மலாயில் இதை விளக்க வாக்கியமே இல்லை. "அடாட்" என்றேன். வழக்கம் என்று அர்த்தம். மலாய்க்காரர்களுக்கு அடாட் என்றால் பெரிய விஷயம், புரிந்துகொள்வாள் என்று நினைத்தேன். அவள் யோசித்துவிட்டு, "காலையிலிருந்து எத்தனையோ தமிழ்ப் பெண்கள் வந்தார்கள். எல்லோரும் சொன்னார்களே" என்றாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை. கட்டின புருஷன் பெயர் தெரியாமல் ஒருத்தி வந்து உட்கார்ந்தால், இது உண்மைக் கல்யாணமா, காகிதக் கல்யாணமா என்று நானாக இருந்தாலும் யோசிப்பேன். கணவரோடு இன்னொரு நாள் வர வேண்டியிருக்கும், தேதி சொல்லுவோம் என்று பணிவாக எழுந்து நின்றாள். நானும் எழுந்தேன்.

கீழே வந்தால் அப்போதுதான் அவருக்கு இடம் கிடைத்து, வண்டியைச் செருகிக்கொண்டிருக்கிறார்.

"அதுக்குள்ள முடிஞ்சிருச்சா? என்னா கேட்டாங்க?"

"உங்க பேரைக் கேட்டாங்க."

முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் ஸ்டீரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார். "பதிமூணு மாநிலம் சொன்னவளுக்கு எம்பேரு வரலியா?" என்று மறுபடி சிரித்தார். நான் வீடு வருகிறவரைக்கும் சன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அவர் மேல் கோபம், அந்தப் பெண் மேல் கோபம், மேசையைத் தட்டிச் சிரித்த எங்கள் வகுப்பு மேல் கோபம், எல்லாவற்றுக்கும் மேலே என் நாக்கின் மேல் கோபம். அந்த வடக்கத்திப் பெண்களாவது தங்கள் பெயரைச் சொல்லாமல் ஓட்டை விட்டார்கள். நான் இன்னொருத்தர் பெயரைச் சொல்லாமல் விட்டேன்.

அந்த இன்னொரு தேதி இதை எழுதும்வரை வரவில்லை.

4

ஓட்டுக்கு முந்தின நாள் அவருடைய தங்கை கமலா அக்கரையில் இருக்கும் பாகான் டாலாமிலிருந்து ஃபெரி ஏறி வந்தாள். வந்தவுடன் என் முகத்தைப் பார்த்து, "என்னா அண்ணி, இன்னும் அந்த இன்டர்வியூ சோகமா?" என்றாள்.

கமலா இங்கேயே பிறந்து வளர்ந்தவள். அவள் கட்டியிருப்பது புதுக்கோட்டையிலிருந்து வேலைக்கு வந்தவரை. அவளுக்கு என்னைவிடக் கோபம் அதிகம்.

"நீங்களாச்சும் பேரச் சொன்னா கெடைக்கும். எனக்கு எந்தப் பேரச் சொன்னா கெடைக்கும் சொல்லுங்க? வெளிநாட்டுப் பொண்ணு இங்க உள்ள ஆம்பளயக் கட்டுனா பொண்டாட்டின்னு சொல்லிக் கேக்கலாம். வெளிநாட்டு ஆம்பள என்னையக் கட்டுனா அந்த வழியே கெடையாது. எங்கிட்ட நீல ஐசி இருக்கு, ஓட்டு இருக்கு, எம்புருசனுக்கு ஒண்ணும் செய்ய முடியாது. என்னா சட்டம் லா இது?"

அவள் சொல்வது சரிதான். சட்டம் எழுதினவர்களுக்குப் பெண் என்றால் ஆண் பின்னால் வருகிறவள். ஆண் பின்னால் வருவான் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. இந்த நாட்டில் பெண்கள் ஓட்டுக்காகத் தனியாகப் போராட வேண்டியிருக்கவில்லை, சுதந்திரத்துக்கு முந்தின தேர்தலிலேயே ஆணோடு சேர்ந்து போட்டார்கள். ஆனால் ஆண் பெண் என்று பார்த்துப் பாகுபாடு கூடாது என்ற ஒரு சொல்லைச் சாசனத்தில் சேர்க்க இரண்டாயிரத்து ஒன்று வரைக்கும் ஆனது. அதைச் சேர்த்த பிறகும் குடியுரிமைப் பக்கம் பழைய மாதிரியே கமலா புருஷனை வெளியில் நிறுத்தி வைத்திருக்கிறது. ஓட்டு வேறு, சமம் வேறு என்று எம்.ஏ.வில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

நாங்கள் பேசிக்கொண்டிருந்ததைத் தர்ஷினி கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது.

"கேட்டியாடி? அத்தைக்கு ஓட்டு இருந்தும் வழியில்ல. எனக்கு ஓட்டே இல்ல. ஒனக்கு எல்லாம் இருக்கு, படுத்துக் கெடக்கே. மலாயாவுலயே மொதல் நகராட்சித் தேர்தல் எங்க நடந்துச்சு தெரியுமா? இதே ஜார்ஜ் டவுன்ல. ஐம்பத்தொண்ணுல. அதே வருஷம்தான் இந்தியாவுல மொதல் பொதுத்தேர்தலும் ஆரம்பிச்சது..."

"இப்ப நகராட்சிக்கு ஓட்டே கெடையாதுல்லம்மா? கவர்மெண்ட்தான் ஆளு போடுது. கொடுத்தாங்க, எடுத்துட்டாங்க. நீயே சொல்லியிருக்க."

அதுவும் உண்மை. அதனால் நான் சத்தத்தைக் கூட்டினேன். வாங்கினதைப் போற்றத் தெரியாதவள், சொகுசு, கைபேசி என்று வாயில் வந்ததெல்லாம். கமலா "விடுங்க அண்ணி" என்றாள். தர்ஷினி எழுந்து உட்கார்ந்தாள்.

"ம்மா, நீ எனக்கு ஓட்டப் பத்தி லெக்சர் குடுக்கிற. ஒன்னால அப்பா பேர ஒரு தடவ சொல்ல முடியல. அதுக்காக ஒன் சிட்டிசன்ஷிப்பையே விட்டுட்டு வந்திருக்க. பேரச் சொல்லாம ஓட்ட விட்ட லேடிஸ் கதைய எங்கிட்ட எத்தன தடவ சொல்லியிருப்ப? ஒனக்கும் அவங்களுக்கும் என்னா டிஃபரென்ஸ்?"

எனக்குச் சுருக்கென்றது.

"சரி, டீல் போடுவோம்" என்றாள். "நீ அப்பா பேர சத்தமா, எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு. நான் போயி ஓட்டுப் போடுறேன். சொல்லலைன்னா என்னயக் கேக்காத."

கமலா கைதட்டினாள். கூடத்திலிருந்து அவர், "என்னைய எதுக்கு லா இழுக்கிறீங்க?" என்றார். நான் வாயைத் திறந்தேன். அவர் அங்கே சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தார். நெஞ்சு தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு கொடியில் துணி எடுக்கப் போய்விட்டேன்.

5

சனிக்கிழமை மூன்று பேரும் வண்டியில் கிளம்பினோம். இங்கே வண்டியைக் காடி என்பார்கள். ஓட்டு முடிந்ததும் வாழையிலைச் சாப்பாடு என்று அவர் ஆசை காட்டியதால் தர்ஷினி வந்தாள். அவளுடைய தோழிகள் பள்ளிக்கூட வாசலுக்கே வந்து கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடாம். ஆக, சாப்பாடும் இல்லை.

பள்ளிக்கூட வாசலில் சரியான கூட்டம். இங்கே ஓட்டுச் சாவடிக்குள் வயது வாரியாக வரிசை பிரித்திருப்பார்கள். வயதானவர்கள் முதல் அறை, இளசுகள் கடைசி அறை. அப்பாவும் மகளும் ஒரே பள்ளியில் போட்டாலும் ஒரே வரிசையில் நிற்க முடியாது. எனக்கு எந்த வரிசை என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை.

அவர் உள்ளே போனார். தர்ஷினி பின் இருக்கையில் கைபேசியோடு இருந்தாள். நான் வண்டிக்கு வெளியே மரநிழலில் நின்றேன். வெளியே வருகிறவர்கள் எல்லோரும் இடது ஆள்காட்டி விரலில் மை. ஒரு சீனத்துப் பாட்டியம்மாளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவர் விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார், மை காயவேண்டும் என்று. என்னத்தைச் சொல்ல, பொறாமைதான்.

கொஞ்ச நேரத்தில் அவர் வெளியே வந்தார். எங்கள் பக்கம் வரவேண்டியவர், சாலைக்கு எதிர்ப்பக்கம் செண்டோல் வண்டியைப் பார்த்துவிட்டார். தேங்காய்ப்பாலும் வெல்லப்பாகும் ஐஸும். டாக்டர் கூடாது என்று சொன்ன எல்லாம் ஒரே கோப்பையில். நைசாக அந்தப் பக்கம் நடந்தார். அந்த நேரம் பார்த்து எங்கள் வண்டிக்குப் பின்னால் ஒரு சிவப்பு வண்டி வந்து ஹாரன் அடித்தது. உள்ளே மூன்று பெண்கள். தர்ஷினி கதவைத் திறந்து இறங்கினாள்.

"பை, ம்மா."

"தர்ஷினி, உள்ள போயிட்டு வா. கெஞ்சிக் கேக்கிறேன்."

"டீல் தெரியும்ல?"

சொல்லிவிட்டு நடந்தாள். நான் அவளைப் பார்த்தேன். சாலைக்கு அந்தப் பக்கம் அவரைப் பார்த்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. இவள் போய் அந்த வண்டியில் ஏறிவிட்டால் எங்கள் வீட்டில் இருக்கிற இரண்டு ஓட்டில் ஒன்று வீண். இவளைப் பெற்றதைத் தவிர நான் இந்த நாட்டுக்குச் செய்ததாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லை. அடி வயிற்றிலிருந்து மூச்சை இழுத்தேன். கடவுளே, அவருக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று சொல்லிக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

"செல்வராஜு!"

என் குரல்தான். எனக்கே யாரோ மாதிரி இருந்தது. வாசலில் நின்றிருந்த போலீஸ்காரப் பெண் திரும்பினாள். சக்கர நாற்காலியைத் தள்ளியவர் திரும்பினார். சிவப்பு வண்டியின் கதவில் கை வைத்திருந்த தர்ஷினி திரும்பினாள். செல்வராஜு மட்டும் திரும்பவில்லை. செண்டோலுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பாதது நியாயம்தான். இந்தக் குரலில் அந்தப் பெயர் அவர் காதில் ஒரு நாளும் விழுந்ததில்லையே.

ஆரம்பித்தாகிவிட்டது, இனி என்ன. "செல்வராஜு! முனுசாமி மகன் செல்வராஜு!" என்று தெருவே அதிரக் கத்தினேன்.

திரும்பினார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார், போலீஸைப் பார்த்தார். கடைசியில்தான் என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, கோப்பையோடு சாலையில் பாய்ந்து ஓடி வந்தார்.

"ஓடாதீங்க! ஐயோ, ஓடாதீங்க!"

வந்து நின்றார். செண்டோல் பாதி சட்டையில்.

"யாரு கூப்டா?"

"நான்தான்."

"நீயா?" என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "எதோ பிரச்சினைன்னு போலீஸு கூப்புடுதுன்னு நெனச்சேன் லா." சிரிக்க ஆரம்பித்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கக் கோப்பையைக் குனிந்து பார்த்தார்.

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். நாடி ஓடியது. வேகமாகத்தான் ஓடியது, ஆனால் ஓடியது. வண்டி மேல் சாய்ந்துகொண்டேன். இத்தனை வருஷம் எதற்குப் பயந்தேன் என்று நினைத்தபோது அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அன்றைக்கு அந்த மேசையில் இதை ஒரு தடவை, இதில் பாதிச் சத்தத்தில் சொல்லியிருந்தால் போதும்.

தர்ஷினி சிவப்பு வண்டிக்காரிகளிடம் ஏதோ சொல்லிவிட்டு, பையிலிருந்து ஐசியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கடைசி அறையில் கூட்டம் போலிருக்கிறது, நேரமானது. அவர் மிச்சச் செண்டோலை என் கண் முன்னாலேயே குடித்தார். நான் அவர் சட்டையைத் துடைத்துவிட்டேன்.

திரும்பி வந்தவள் மை விரலை என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"உள்ள எம்பேர சத்தமாப் படிச்சாங்கம்மா, எல்லாருக்கும் கேக்கற மாதிரி. அப்பா பேரும் சேத்து. ஒன் பேரு எங்கயும் இல்ல."

"தெரியும்டி."

"யாருக்குப் போட்டேன்னு கேக்க மாட்டியா?"

"கேக்க மாட்டேன். அது ஒன்னோடது."

பிறகு தோழிகள் ஹாரன் அடிக்க, ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். அவர் வண்டியை எடுக்க ஓட்டுநர் கதவுப் பக்கம் சுற்றிப் போனார். நான் வாசலுக்கு எதிரே தனியாக நின்றிருந்தேன். கத்தின பெண்மணி நான்தான் என்பதால் அந்தப் போலீஸ்காரப் பெண் என் பக்கம் வந்து சிரித்தாள். என் கையைப் பார்த்தாள். விரலில் மை இல்லை. சாவடி இன்னும் திறந்துதான் இருக்கிறது என்று உள்ளே கை காட்டிக்கொண்டே, "சூடா உண்டி, ஆன்ட்டி?" என்றாள்.

ஓட்டுப் போட்டாச்சா என்று கேட்கிறாள். இல்லை என்று சொல்ல மலாயில் வேறு சொல் இருக்கிறது, நான் வெளிநாட்டுக்காரி என்று சொல்லவும் தெரியும், சிவப்பு ஐசியும் கைப்பையில்தான் இருந்தது. அதையெல்லாம் எடுக்கவில்லை. அவளை நேராகப் பார்த்து, "பெலும்" என்றேன்.

இன்னும் இல்லை.